எங்கள் குன்றுக்கு ஒரு சட்டம்

1

சென்ற வாரம் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு வயது முடிந்தது. நகர அலுவலகத்தில் கேக் வாங்கி வெட்டினார்கள். தொட்டிக்குக்கூடப் பிறந்தநாளா என்று காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் சிரிக்கலாம். அந்தத் தொட்டி நிற்கும் இடத்துக்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்டது என்று சொன்னால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

நான் இருப்பது நெவாடா மாநிலத்தில் ஒரு பாலைவனச் சிற்றூர். என் கணவர் மருத்துவர். வெளிநாட்டு மருத்துவர்கள் இந்த நாட்டில் தங்க வேண்டுமானால் டாக்டர் கிடைக்காத ஊரில் சில வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அப்படித்தான் இங்கே வந்து இறங்கினோம். சில வருடம் என்பது முடிந்த பிறகும் கிளம்பத் தோன்றவில்லை. காரைக்குடியில் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு நகர அலுவலகத்தில் பொதுப்பணிப் பொறியாளர் வேலை கிடைத்தது. தண்ணீர், சாக்கடை, சாலை, தெருவிளக்கு, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

ஒரு கோடையில் தீ வந்தது. மேற்கே புல்லில் பிடித்து, காற்றோடு ஓடி வந்து, ஊரின் கடைசித் தெருவரை எட்டிவிட்டது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் குழாயைத் திறந்தார்கள். முதலில் நன்றாகப் பீய்ச்சிய தண்ணீர் போகப் போக மெலிந்து, கடைசியில் ரப்பர் குழாய் தரையில் சுருண்டு கிடந்தது. எங்கள் பழைய தொட்டி பள்ளத்தில் இருந்தது, அளவும் சிறிது. அன்று சாயங்காலம் காற்று திசை மாறியதால் ஊர் பிழைத்தது. கடைசித் தெருவில் மூன்று வீடுகள் போயின. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

புதுத் தொட்டியை உயரத்தில் வைக்க வேண்டும். ஊருக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் குன்று எங்களுடையதல்ல. இந்த மாநிலத்தில் பெரும்பகுதி நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். வீட்டின் பின்வேலியைத் தாண்டிக் கால் வைத்தால் அது அரசாங்க பூமி. அதிலும் அந்தக் குன்று ஏதோ ஒரு பழைய சட்டத்தில் வேறு காரியத்துக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நில அலுவலகத்துக்குப் போய் நின்றேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்.

"எனக்கும் தர ஆசைதான். ஆனால் எனக்கு அதிகாரம் இல்லை. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுத் தரச் சொன்னால் தருகிறேன்" என்றார்.

ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு நாடாளுமன்றமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். சரி, நாடாளுமன்றம் என்றால் நாடாளுமன்றம் என்று எழுந்து வந்தேன்.

2

என் அக்கா மீனாட்சி அப்போது காரைக்குடிக்கு அருகே திருப்பத்தூர் பக்கம் எங்கள் சொந்த ஊரில் பஞ்சாயத்துத் தலைவர். தினமும் காலையில் நான் அலுவலகம் கிளம்பும்போது அவளுக்கு அங்கே பொழுது சாய்ந்திருக்கும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே வேலை பார்ப்போம்.

"அக்கா, ஒரு பில்லு கொண்டு வரப் போறோம்" என்றேன்.

"எதுக்குடி, கரண்டுக்கா?"

"அந்தப் பில்லு இல்லக்கா. மசோதா. நெலத்தை ஊருக்கு மாத்திக் குடுக்கச் சொல்லி டெல்லியில போடுறாகள்ல, அது மாதிரி வாஷிங்டன்ல."

அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏன்டி, நான் இங்குட்டு மந்தைப் பொறம்போக்குல துணை சுகாதார நிலையம் கட்ட எடம் கேட்டு அலையிறேன். நீ அங்குட்டு குன்றைக் கேட்டு அலையிறியா? அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் கவர்மெண்டு நெலந்தான் வாச்சிருக்கு போ."

அவள் கதை இது. ஊரில் பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் பஸ் ஏறித் திருப்பத்தூர் போக வேண்டும். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது, இடம்தான் இல்லை. மந்தைப் புறம்போக்கு வருவாய்த் துறையிடம் இருந்தது. அதைச் சுகாதாரத் துறைக்கு மாற்ற வேண்டும். கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கிக் கலெக்டர்வரை காகிதம் போக வேண்டும். போன காகிதம் திரும்பி வரும். வந்தது மறுபடியும் போகும். அதற்கு நடுவே எங்கள் சித்தப்பா அந்த இடத்தில் வைக்கோல் படப்பும் மாட்டுக் கொட்டகையும் போட்டிருந்தார்.

"சித்தப்பாவை என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"அவருக்கு எடத்து மேல ஆசை இல்லடி. தன்னைக் கேக்காம தீர்மானம் போட்டுட்டோம்னு கோவம். போயிப் பாக்கணும். வெத்தல பாக்கோட போனா மொகங்குடுத்துப் பேசுவாரு."

"போறதுக்கு முன்னாடி சர்வேயரைக் கூப்புட்டு அளந்து கல்லு நட்டுரு. எல்லை எதுன்னு தெரியாமப் பேசப் போகாத."

அவள் அளந்து கல் நட்ட பிறகுதான் போனாள். படப்பின் முக்கால்வாசி புறம்போக்குக்கு வெளியே, சித்தப்பாவின் சொந்த இடத்திலேயே இருந்தது தெரிந்தது. கொட்டகையை மட்டும் நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார். வேலை முடிந்ததும் அக்காவுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பியிருக்கிறார்.

3

இங்கே நெவாடாவில் எங்கள் ஊர்ச் சித்தப்பாவின் பெயர் டேல். குன்றைச் சுற்றி மாடு மேய்க்க உரிமம் வைத்திருப்பவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்து மேய்கிறது. நகர மன்றத்தில் பொதுமக்கள் கூட்டம் வைத்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நிலத்தை ஊருக்குக் கொடுத்தால் ஊர் வேலி போடும். வேலி போட்டால் என் மாடுகள் ஓடைக்கு எப்படிப் போகும்? எதிர்த்து எழுதப் போகிறேன்."

எதிர்ப்புக் கடிதம் ஒன்று போனாலே மசோதா படுத்துவிடும் என்று எங்கள் கீழவை உறுப்பினரின் உதவியாளர் ஆடம் சொல்லியிருந்தார். இது போன்ற சிறு மசோதாக்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லாதவரைதான் நகரும். மேயர் பதில் சொல்ல வாய் திறந்தார். நான் முந்திக்கொண்டு, நாளை உங்கள் பண்ணைக்கு வரலாமா என்று கேட்டேன். வந்தால் காப்பி கிடைக்கும், சம்மதம் கிடைக்காது என்றார்.

மறுநாள் அவருடைய லாரியில் குன்றைச் சுற்றினோம். மாடுகள் போகும் தடத்தை அவர் காட்டினார். தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை ஒரு சிறு குழாயில் மேற்குப் பக்கம் இறக்கி, மாட்டுத் தொட்டி ஒன்று கட்டித் தர முடியும் என்று நான் காட்டினேன். ஓடை வற்றும் மாதத்திலும் அதில் தண்ணீர் இருக்கும். வேலி தொட்டியைச் சுற்றி மட்டும். எழுதித் தருவீர்களா என்றார். மன்றத் தீர்மானமாகவே தருகிறோம் என்றேன்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, கேமி."

சிவகாமி என்ற என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். நான் திருத்துவதை விட்டு வெகு காலம் ஆகிறது.

4

கீழவையில் நிலங்களுக்கான துணைக்குழு முன்னால் சாட்சி சொல்ல என்னையே அனுப்பினார்கள். மேயர் வருவதாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர்க் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது என்று அவரே யோசித்து ஒதுங்கிக்கொண்டார்.

ஐந்து நிமிடம் தருவார்கள். மேசையில் பச்சை விளக்கு எரியும், பிறகு மஞ்சள், சிவப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். சுவரில் எங்கள் குன்றின் வரைபடத்தைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். தலைவர் என் பெயரை இரண்டு தரம் முயன்றுவிட்டு மூன்றாவது தரம் "மேடம்" என்றார். எழுதி வைத்ததை நிதானமாகப் படித்தேன். தீயைச் சொன்னேன், குழாய் சுருண்டதைச் சொன்னேன். ஓர் உறுப்பினர் குறுக்கே கேட்டார்: "அரசு குத்தகைக்குக் கொடுத்தால் போதாதா? சொந்தமாகத்தான் வேண்டுமா?"

"குத்தகை நிலத்தில் தொட்டி கட்ட எந்த வங்கியும் கடன் தராது, ஐயா. எங்களுக்குப் பட்டா வேண்டும்."

சொல்லிவிட்டேன். வாஷிங்டனில், ஒலிபெருக்கிக்கு முன்னால், பட்டா என்று. ஆங்கிலத்தில் அதற்கு என்ன வார்த்தை என்று நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் நாக்கு தன் ஊருக்குப் போய்விட்டது.

"எது வேண்டும்?" என்றார் அவர்.

திருத்திச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்தது உண்மையான ஆர்வம் என்று பட்டதால் விளக்கினேன். "நான் பிறந்த ஊரில் அதற்கு அப்படிப் பெயர். இது உன் இடம், இங்கே நீ கட்டலாம், நாளைக்கு வந்து யாரும் உன்னை எழுப்ப மாட்டார்கள் என்று அரசாங்கம் எழுதித் தரும் காகிதம்."

"நல்ல வார்த்தை" என்று அவர் குறித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அது எப்படி எழுதுவது என்று கேட்டார். நடுவில் ஒரு நிமிடம் அந்த அவையில் இரண்டு பேர் பட்டாவுக்கு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்புவதற்குள் நேரலையைப் பார்த்த மேயர், மசோதாவுக்குப் பட்டா மசோதா என்றே பெயர் வைத்துவிட்டார்.

5

அந்த விசாரணையின் பதிவை வீட்டில் மகளோடு சேர்ந்து பார்த்தேன். தேன்மொழிக்கு அப்போது பதினாறு வயது. பள்ளியில் அவளைத் தேனா என்பார்கள். தமிழ் புரியும், பேசுவது பாதி வழியில் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை இணையத் தமிழ் வகுப்பை எப்போதோ நிறுத்திவிட்டாள். காரைக்குடியை "உங்க ஊரு" என்பாள். அந்த "உங்க" ஒவ்வொரு முறையும் என்னை உறுத்தும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அந்தக் கோடு எங்க போகுது? கிழக்குப் பக்கம்?"

"அது முழுக்க நமக்கு வருது. வேலைக்கு எடம் வேணும்ல."

"அது ரூத்து வீட்டு மரம், அம்மா. அங்க நீ லாரி விட முடியாது. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வீடுக்கு."

ரூத் அவளுடைய வகுப்புத் தோழி. இந்தப் பகுதியின் பூர்வகுடிக் குடும்பம். குன்றின் கிழக்குச் சரிவில் குட்டையான பைன் மரங்கள் உண்டு. இலையுதிர்காலத்தில் அவற்றின் கொட்டைகளைப் பொறுக்க அந்தக் குடும்பத்தினர் வருவார்கள் என்று பொதுவாகத் தெரியும். எந்த மரத்துக்கு எந்தக் குடும்பம் என்று என் மகளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக அவர்களோடு போய்க் கம்பால் தட்டிப் பொறுக்கியிருக்கிறாள். நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னதெல்லாம் அதுதான்.

ரூத்தின் அம்மா லொரேன், அவர்களுடைய பழங்குடி மன்றத்தில் உறுப்பினர். மறுநாளே பார்க்கப் போனேன். மசோதா பற்றி உங்கள் மன்றத்துக்கு அறிவிப்பு வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்தது. தடிமனான காகிதக் கட்டில் கடைசித் தாள். வரைபடம் தபால்தலை அளவுக்கு இருந்தது. ஆட்சேபம் எழுதிக்கொண்டிருந்தோம். நீ நேரில் வருவாய் என்று நினைக்கவில்லை."

பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்தேன். அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின்படி போனால் தொட்டியைக் குன்றின் வடக்குத் தோளுக்கு மாற்ற வேண்டும். குழாய் நீளும், பாறை உடைக்க வேண்டும். செய்ய முடியாதது எதுவும் இல்லை.

ஆடமுக்குத் தொலைபேசினேன். அவர் பெருமூச்சு விட்டார். "வரைபடத்தை மாற்றினால் குழுவின் அடுத்த கூட்டத்தை விட்டுவிடுவோம். இந்தக் கூட்டத்தொடரில் முடியாமலே போகலாம். அப்படியானால் தேர்தல் முடிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள்."

நகர மன்றக் கூட்டத்தில் வாக்குவாதம் நடந்தது. தீயில் வீட்டை இழந்த மன்ற உறுப்பினர் ஒருவர், இன்னொரு கோடையைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நான் எழுந்து சொன்னேன்: "ஆட்சேபம் எழுதப்பட்ட மசோதா மேலவையில் நிற்காது. ஆட்சேபம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். அந்த மரங்கள் நமக்குத் தேவையில்லை. தண்ணீர்தான் தேவை." வாக்கெடுப்பில் ஒருவர் மட்டும் எதிர்த்தார். வீட்டை இழந்தவர் புதுக் கோட்டுக்குக் கை தூக்கினார்.

கிழக்குச் சரிவுக்கு அந்தக் குடும்பங்கள் எக்காலமும் போய்வரலாம் என்று மசோதாவில் ஒரு விதி சேர்த்தார்கள். லொரேன் ஆதரவுக் கடிதம் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்:

"மரங்களை விட்டுவிட்டதற்காக நன்றி சொல்ல மாட்டேன். அவை உங்களிடம் இருந்ததே இல்லை. வந்து கேட்டதற்கு வேண்டுமானால் சொல்கிறேன்."

காரில் திரும்பும்போது தேன்மொழி சொன்னாள்: "இப்பதான் நம்ம ஊரு மேப்பு சரியா இருக்கு." அந்த "நம்ம" என் காதில் விழுந்தது. அன்று அது உறுத்தவில்லை.

6

கீழவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. மேலவையில் போய்ச் சிக்கியது. அங்கே இந்த மாதிரிச் சிறு மசோதாக்களைக் கட்டுக் கட்டாக ஒன்றுசேர்த்து, யாருக்கும் ஆட்சேபம் இல்லையே என்று ஒரே மூச்சில் கேட்டு முடிப்பார்கள். ஒரே ஓர் உறுப்பினர் தலையசைக்காவிட்டால் எல்லாம் நின்றுவிடும். வேறொரு மாநிலத்து உறுப்பினர், தன்னுடைய ஏதோ ஒரு கோரிக்கைக்காக, எல்லா நில மசோதாக்களையும் பிடித்து வைத்திருந்தார். எங்கள் குன்று எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

டேல்தான் வழி கண்டுபிடித்தார். அந்த மாநிலத்து மாட்டுப் பண்ணைக்காரர்களில் அவருக்குப் பழக்கமானவர்கள் இருந்தார்கள். காளை வாங்கி விற்ற பழக்கம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எங்கள் மாட்டுக்கு வரவேண்டிய தண்ணீரை உங்கள் ஆள் அடைத்து வைத்திருக்கிறார்" என்று முறையிட்டு, அதை அவரிடம் எடுத்துச் சொல்லச் சொன்னார். அவர்கள் சொன்னார்களா, அதனால்தான் இளகியதா, யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பிடி தளர்ந்தது என்று ஆடமிடமிருந்து செய்தி வந்தபோது நான் பிறந்த ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கல்யாணம்.

மார்கழி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது என்பதால் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் வைத்திருந்தார்கள். வாஷிங்டனில் கூட்டத்தொடர் முடிகிற நேரம். இங்கே கார்த்திகை முடிகிற நேரம். கானாடுகாத்தானில் ஹோட்டலாக நடக்கும் ஒரு பெரிய வீட்டைப் பிடித்திருந்தோம். முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஆட்கள். வாஷிங்டனில் முந்தின நாள் ராத்திரி. எங்களுக்குக் காலை இட்லி நேரம். முற்றத்தைச் சுற்றிய வளவுத் தூண் ஒன்றில் சாய்ந்துகொண்டு கைபேசியில் மேலவை நேரலையைத் திறந்தேன். பட்டுப் புடவையும் கொண்டை நிறையப் பூவும் கையில் தட்டுமாக அக்கா வந்தாள்.

"பொண்ணை அழைச்சிட்டு வரப் போகணும், இங்க நின்னு என்னத்தப் பாக்குற?"

"என் மசோதாக்கா. இப்ப வருது."

அவள் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு என் தோளோடு ஒட்டி நின்றாள். திரையில் பெரிய அவை, பெரும்பாலும் காலி நாற்காலிகள். ஒருவர் எழுந்து ஒரு வரிசை எண்களைப் படித்தார். எங்கள் எண் நடுவில் வந்தது. நாதஸ்வரத்தில் எனக்குப் பாதி கேட்கவில்லை. தலைமை இருக்கையில் இருந்தவர், ஆட்சேபம் இல்லை, அவ்வாறே ஆகட்டும் என்று ஒரு வாக்கியம் சொன்னார். அடுத்தவர் வேறு எதையோ படிக்கத் தொடங்கினார்.

"எப்ப வரும்?" என்றாள் அக்கா.

"முடிஞ்சிருச்சுக்கா."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"கை தட்டலை, ஒண்ணுமில்லை. எங்க கிராம சபையில டீயாவது குடுப்போம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளாகவே இரண்டு கையையும் தட்டினாள். என்ன ஏது என்று தெரியாமலே பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் தட்டினார்கள். கெட்டிமேளத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஒருவர் குழம்பிப்போனார்.

அக்காவின் சுகாதார நிலையம் என் தொட்டிக்கு முன்பே திறந்தாயிற்று. தடுப்பூசி நாளில் சித்தப்பா கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டு, வருகிற தாய்மார்களுக்கு வழி காட்டுகிறார் என்று கேள்வி.

7

ஜனாதிபதி கையெழுத்திட்டு, நிலத்தை அளந்து, பத்திரம் எழுதி, பாறை உடைத்துத் தொட்டி எழும்பப் பின்னும் காலம் ஆனது. இப்போது குழாயைத் திறந்தால் கடைசித் தெருவில் தண்ணீர் சீறுகிறது.

இந்த மாதம் எனக்குக் குடியுரிமை நேர்காணல் நடந்தது. அதற்கு முன் வாங்க வேண்டிய நிரந்தர வசிப்புரிமை வரிசையில் எங்களைப் போன்ற இந்தியர்களுக்குக் காத்திருப்பு நீளம். வாஷிங்டனில் சாட்சி சொன்னபோதுகூட எனக்கு இந்த நாட்டில் வாக்கு கிடையாது. கேள்விகளை மனப்பாடம் செய்திருந்தேன். எதிரில் இருந்த அதிகாரி ஒரு தாளைப் பார்த்துக் கேட்டார்: "மத்தியச் சட்டங்களை இயற்றுவது யார்?"

ஒரே ஒரு வார்த்தைதான் பதில். காங்கிரஸ் என்றேன்; இங்கே நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர். சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

வெளியே வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். பாஸா என்று கேட்டாள். பாஸ் என்றேன். என்ன கேட்டாக என்றாள். சொன்னேன்.

"சட்டம் போடுறது யாருன்னா கேட்டாக?"

"ஆமா."

"ஏன்டி, அதுல ஒண்ணு நாங்க போட்டதுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"அடுத்த மாசம் உறுதிமொழி எடுத்தப்புறம் சொல்றேங்க்கா" என்றேன்.

"என்னத்துக்கு அதுவரைக்கும்? திரும்பப் போயி இப்பவே சொல்லு" என்றாள். கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடி, ஒரு கணம், போகலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.